மறதியை வெல்வோம், குடும்பம் காப்போம்

(நெய்வேலியை அடுத்த கிராமம் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தில், தம்பதியர் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் உங்களிடம் இரண்டே இரண்டு கேள்வி கேட்கிறேன்.

தானே புயல் அடித்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பார்த்தீர்களா, கேட்டு வாய் மூடுவதற்குள் எத்தனை குரல்! "கூரை பிச்சிக்கிட்டுப் போச்சும்மா, பள்ளிக்கூடத்துல போயி ஒண்டினோம்" என்கிறார் ஒரு அண்ணன். "பலா மரம் சாஞ்சி மாட்டுக் கொட்டாய் மேல வுழுந்துச்சு" என்கிறார் இன்னொருவர். "அப்ப நான் எட்டாவது படிச்சன், எங்க பாட்டி மடியிலேயே படுத்திருந்தன்" என்கிறது இந்தப் பொண்ணு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அது. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஒருத்தரும் மறக்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதியில்?

ஏன், சத்தத்தையே காணோம்? அக்கா சிரிக்கிறாங்க. அண்ணன் அக்கா மூஞ்சியைப் பார்க்கிறார். சரி, விடுங்க.

"எனக்கு ஞாபகசக்தியே இல்ல நர்சம்மா" என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. அது உண்மையில்லை என்பதை நீங்களே இப்போது நிரூபித்துவிட்டீர்கள். அந்தப் புயலை இத்தனை வருஷம் வைத்திருக்கிற தலைக்கு, ஒரு தடுப்பூசித் தேதியை வைத்திருக்க இடமில்லாமல் போகுமா? இடம் இருக்கிறது. வைக்கிற விதம்தான் தெரியவில்லை. அந்த விதத்தைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். குடும்ப நலத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாத்திரை மறந்தது, ஒரு தேதி மறந்தது, ஒரு ஊசி மறந்தது என்று எத்தனையோ வீட்டில் கண்ணீர் சிந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருப்பது வேறு, வெளியே எடுப்பது வேறு

மூளை மூன்று வேலை செய்கிறது. விஷயத்தை வாங்கிப் போடுவது ஒன்று. போட்டதைக் காப்பது இரண்டு. வேண்டும்போது எடுத்துத் தருவது மூன்று. இந்த மூன்றில் எது தவறினாலும் அதற்கு மறதி என்றே பெயர்.

நம் ஊர் மண்ணையே பாருங்கள். பழுப்பு நிலக்கரி இந்த மண்ணுக்கு அடியில் காலங்காலமாகக் கிடந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ மேலே வந்த பிறகுதான் சேதி வெளியே தெரிந்தது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி எப்போதும் அங்கேதான் இருந்தது. எடுக்கத்தான் வழி வேண்டியிருந்தது. ஞாபகமும் அப்படித்தான். கடைக்குப் போய் வீட்டுக்குத் திரும்பின பிறகு, "அடடா, சீரகம்!" என்று நினைவு வருகிறதே, அப்படியானால் சீரகம் உள்ளேதான் இருந்தது. கடையில் நின்றபோது அதை எடுக்க வழி கிடைக்கவில்லை.

சரி, தானே புயல் மட்டும் ஏன் மறக்கவில்லை? மூன்று காரணம். அந்த ராத்திரி உங்கள் முழுக் கவனமும் அதில் இருந்தது. அது ஒரு இடத்தோடும் ஒரு மரத்தோடும் ஒரு கூரையோடும் சேர்ந்தே பதிந்தது. பிறகு அதை நூறு பேரிடம் நூறு தடவை சொன்னீர்கள். கவனம், கொக்கி, திரும்பச் சொல்வது. இந்த மூன்றும் புயலுக்குத் தானாக அமைந்தது. மாத்திரைக்கும் ஊசிக்கும் நாமாக அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாவது, கவனம்

நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். பெரிய தமிழ்ப் புலவர். அவர் 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். சதாவதானம் என்றால் நூறு விஷயங்களை ஒரே சபையில் கவனித்து, முடிவில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வது. அவதான சபையில் ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் பாட்டுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் நடுநடுவே மணி அடிப்பார். ஒருவர் பின்னாலிருந்து முதுகில் நெல்லோ கல்லோ எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்பது உட்பட அத்தனையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பாவலர் சொன்னார். 2008-இல் மத்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? 'அவதானம்' என்ற சொல்லுக்கு ஞாபகம் என்று அர்த்தம் இல்லை. கவனம் என்றுதான் அர்த்தம். நம் முன்னோர்கள் அந்தக் கலைக்குச் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கவனமாக உள்ளே வாங்கினால்தான் பிறகு வெளியே எடுக்க முடியும்.

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறின பிறகு, "பூட்டினேனா இல்லையா?" என்று தவிக்கிறோமே, ஏன்? கை பூட்டியது, மனசு வேறெங்கோ இருந்தது. மாத்திரையும் அப்படித்தான். டி.வி. பார்த்துக்கொண்டே விழுங்கினால், போட்டோமா இல்லையா என்று பிறகு தெரியாது. அதனால் ஒரு உபாயம் செய்யுங்கள். மாத்திரை போடும்போது வாயால் சொல்லுங்கள்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டாச்சு." தனியாகப் பேசுகிறாள் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அதேபோல நான் அடுத்த தேதி சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டாதீர்கள். அந்தத் தேதியை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, கொக்கி

ஞாபகத்தில் இரண்டு தினுசு உண்டு. நடந்து முடிந்ததை நினைப்பது ஒன்று. இனிமேல் செய்ய வேண்டியதைச் சரியான நேரத்தில் நினைப்பது இன்னொன்று. குடும்பத்தில் கஷ்டம் தருவது இந்த இரண்டாவதுதான். நடந்த கதையை யாராவது கேட்டால் சொல்லிவிடலாம். "மாத்திரை போடும் நேரம் வந்துவிட்டது" என்று நம்மை யார் வந்து கேட்பார்கள்? ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால், கேட்பதற்கு ஒரு பொருளை நாமே நியமிக்க வேண்டும். அதைத்தான் கொக்கி என்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. ஊர் பேர் வேண்டாம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாவது குழந்தைக்குப் பதினோரு மாதம். அந்தப் பெண் தினமும் மாலா-என் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். "அவர் காலையில வேலைக்குக் கெளம்பறப்ப சோத்து டப்பாவைக் கட்டிக் குடுத்துட்டு, ஒடனே மாத்திரையைப் போட்டுடுவன் நர்சம்மா" என்றாள். நல்ல கொக்கிதான். ஆனால் ஷிப்ட் மாறியது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி என்று வேலை சுழன்றது. சோத்து டப்பா கட்டுகிற நேரம் தினம் ஒரு மாதிரி ஆனது. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அவள் மூன்று நாள் மாத்திரை போடவில்லை. போடவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது. மூன்றாவது கர்ப்பம் தரித்தது. உடம்பில் ரத்தம் கம்மி. கைக்குழந்தை இடுப்பில். அவள் என்னிடம் வந்து, "நான் மக்கு நர்சம்மா" என்று அழுதாள்.

அவள் மக்கு இல்லை. ஓடுகிற வண்டியில் கொக்கியை மாட்டிவிட்டாள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஷிப்ட் வேலைக்காரர் வீடுகள் நிறைய. அதனால் சொல்கிறேன், வீட்டுக்காரர் கிளம்புவதையோ வருவதையோ கொக்கியாக வைத்துக்கொள்ளாதீர்கள். என்றைக்கும் நகராத ஒன்றைப் பிடியுங்கள். காலையில் பல் விளக்குவது நகராது. சாயங்காலம் விளக்கு வைப்பது நகராது. ராத்திரி படுக்கைக்கு முன் கதவுத் தாழ்ப்பாள் போடுவது நகராது.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் நாட்டு மனோதத்துவ அறிஞர் 1999-இல் இதைப் பற்றி விளக்கமாக எழுதினார். "நான் இதைக் கட்டாயம் செய்வேன்" என்று வெறுமனே உறுதி எடுப்பதைவிட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்கிறார். "மறக்காம போடணும்" என்று நினைத்தால் போதாது. "விளக்கு ஏத்தினதும் மாத்திரை போடுவேன்" என்று நினையுங்கள். மாத்திரை அட்டையையும் விளக்கு மாடத்துக்குப் பக்கத்திலேயே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் பட்டால்தான் நினைவு வரும். பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பீரோவுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

மாலா-என் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் 28 மாத்திரை. 21 கருத்தடை மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு எதற்கு? இரும்புச்சத்துக்கும் ஆச்சு. ஏழு நாள் நிறுத்தி, எட்டாம் நாள் மறக்காமல் தொடங்க வேண்டும் என்கிற தொல்லையும் இல்லை. விடாமல் தினம் ஒன்று, அவ்வளவுதான். மனிதருக்கு மறதி வரும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது.

'சாயா' மாத்திரை போடுகிறவர்களுக்குக் கிழமைதான் கொக்கி. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறு, புதன். மூன்று மாதத்துக்குப் பிறகு ஞாயிறு மட்டும். 'அந்தரா' ஊசி போடுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எந்த முறை வேண்டும் என்பது உங்கள் இருவர் விருப்பம். எது யார் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மாலா-என் ஒரு நாள் மறந்துபோனால் பதற வேண்டாம். நினைவு வந்த உடனே அதைப் போடுங்கள். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விட்டுப்போனால், மாத்திரையைத் தொடருங்கள், ஏழு நாளைக்கு நிரோத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே என்னை வந்து பாருங்கள். திட்ட மாட்டேன்.

மூன்றாவது, கட்டு

விறகை ஒவ்வொன்றாகத் தூக்கினால் எத்தனை நடை நடக்க வேண்டும்? கட்டாகக் கட்டினால் ஒரே நடை. அமெரிக்காவில் ஜார்ஜ் மில்லர் என்ற மனோதத்துவ அறிஞர் 1956-இல் எழுதினார்: ஒரே சமயத்தில் மனசு பிடித்து வைத்துக்கொள்வது ஏறக்குறைய ஏழு பொருள்தான், ஆனால் சின்னச் சின்னப் பொருளைக் கட்டாகக் கட்டினால் ஏழு கட்டையும் பிடிக்கலாம் என்று. செல்போன் நம்பர் பத்து இலக்கத்தை நாம் ஒவ்வொன்றாகவா சொல்கிறோம்? இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகப் பிரித்துத்தானே சொல்கிறோம்!

தடுப்பூசிக் கணக்கையும் அப்படிக் கட்டலாம். பிறந்ததும் போடுவது ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். பிறகு 6 வாரம், 10 வாரம், 14 வாரம். இதை மனசில் நிறுத்துவது கஷ்டம். நம் பாஷையில் சொல்லுங்கள்: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம். எல்லாம் "அரை"தான், சொல்லும்போதே நாக்கில் ஒட்டுகிறது. இது முதல் கட்டு. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி, பிறகு ஒன்றரை வயதில் ஒரு சுற்று. இது இரண்டாம் கட்டு. ஐந்து முடிந்ததும் ஒன்று, பத்து வயதில் ஒன்று, பதினாறு வயதில் ஒன்று. இது மூன்றாம் கட்டு. மூன்றே கட்டு. எங்கே, எல்லோரும் ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்கள். அண்ணன்மார்களும் சொல்லணும்!

இன்னொரு கொக்கியும் இருக்கிறது. தடுப்பூசி நாள் புதன்கிழமை. "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதைக் குழந்தை ஊசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, திரும்பச் சொல்வது

ஜெர்மனியில் எப்பிங்ஹாஸ் என்று ஒருவர். தன்னையே பரிசோதனைக்கு வைத்துக்கொண்டு, அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று வருஷக்கணக்கில் கணக்குப் பார்த்தார். 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன? படித்த ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைந்துவிடுகிறது. இன்னொன்றும் கண்டார். ஒரே மூச்சில் 68 தடவை சொல்லிப் படித்ததற்கும், மூன்று நாளாகப் பிரித்து மொத்தம் 38 தடவை சொன்னதற்கும் பலன் சமமாக இருந்தது. உழைப்பு பாதிக்குக் கிட்டே, பலன் அதேதான்!

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அந்த அடியை விட்டு விட்டு வைக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு இது தெரியும். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொல்லி, எண்சுவடியை நாள் தவறாமல் ஒப்பித்தார்கள். அந்தக் காலத்துத் தாத்தாக்கள் முக்கால், அரைக்கால் கணக்கை வாயாலேயே போட்டது அதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அட்டையை எடுத்து எடுத்துப் பார்ப்பது வேறு, அட்டையை மூடிவிட்டு நினைத்துச் சொல்வது வேறு. இரண்டாவதுதான் மனசில் நிற்கும். அதனால் புருஷன் பெண்சாதி ஒருவரை ஒருவர் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "ஏங்க, புள்ளைக்கு அடுத்த ஊசி எப்ப, சொல்லுங்க பாப்போம்?" என்று கேளுங்கள். நாளைக்கு ஒரு தடவை. மூன்று நாள் கழித்து ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. அப்புறம் மறந்தேன் என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

ஐந்தாவது, வீட்டையே அலமாரியாக்குவது

இது ரொம்பப் பழைய உபாயம். கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் பேச்சாளர்கள் எழுதி வைத்துக்கொள்ளாமல் மணிக்கணக்கில் பேசுவார்களாம். தெரிந்த ஒரு வீட்டை மனசில் நினைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விஷயத்தை வைத்துவிட்டு, மனசாலேயே அந்த வீட்டுக்குள் நடந்துபோய் எடுத்து எடுத்துப் பேசுவார்கள்.

நாமும் செய்து பார்க்கலாம். பிரசவ வலி ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். எதை எடுப்பது? ஐந்து விஷயம் வேண்டும். உங்கள் வீட்டுக்குள் மனசால் நடந்து வாருங்கள். வாசலில் கோலத்துக்குப் பதிலாகத் தாய் சேய் நல அட்டையைப் பெரிசாக வரைந்திருக்கிறது. திண்ணையில் தாத்தா உட்கார்ந்து ஆதார் அட்டையால் விசிறிக்கொள்கிறார். கூடத்தில் தூளிக்கு பதிலாக பேங்க் பாஸ்புத்தகம் தொங்குகிறது. அடுப்படியில் குழம்புச் சட்டிக்குள் தாய்க்கும் குழந்தைக்கும் வெள்ளைத் துணி கொதிக்கிறது. கொல்லையில் முருங்கை மரத்தில் 108 வண்டி ஏறி நிற்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். விசித்திரமாக இருந்தால்தான் ஒட்டும். கண்ணை மூடி ஒரு தடவை நடந்து பாருங்கள். வாசல், திண்ணை, கூடம், அடுப்படி, கொல்லை. ஐந்தும் வந்துவிட்டதா? துணிகளையும் காகிதங்களையும் எட்டாம் மாதமே ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள். அப்புறம் பதற்றத்துக்கே வேலையில்லை.

எழுதி வைக்க வெட்கப்படாதீர்கள்

இத்தனை உபாயம் சொன்னாலும், சில விஷயத்தைத் தலையை நம்பி விடக்கூடாது. முக்கியமானது, கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதி, அதாவது மாதவிலக்கு தொடங்கின முதல் நாள். பிரசவக் கணக்கே அதிலிருந்துதான். அந்த நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் ஏறக்குறைய பிரசவத் தேதி வரும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. தேதி தப்பானால், குழந்தை குறைமாதமா, நாள் தாண்டிவிட்டதா என்பதே குழப்பமாகிவிடும்.

தேதி தெரியாத பெண்ணிடம் நான் எப்படிக் கேட்பேன் தெரியுமா? "வடலூர் தைப்பூசத்துக்குப் போனியா? அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பேன். "ஜோதி பாத்துட்டு வந்த மூணாம் நாள்" என்று பளிச்சென்று பதில் வரும். திருவிழா ஒரு நல்ல கொக்கி. ஆனால் எல்லா மாதமும் தைப்பூசம் வராதே! அதனால் சுவரில் தொங்குகிற காலண்டரில் மாதாமாதம் ஒரு வட்டம் போடுங்கள். பாட்டிமார்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். இன்றைக்குக் காலண்டர் இருக்கிறது, செல்போனில் அலாரம் இருக்கிறது. ஆனால் அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று போகாதீர்கள். காரியத்தை முடித்துவிட்டு அணையுங்கள்.

மறதிக்கு வேறு காரணமும் உண்டு

முதல் காரணம் தூக்கம். 1924-லேயே அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் சோதனை செய்தார்கள். மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினவர்கள், விழித்தே இருந்ததைவிடக் குறைவாக மறந்தார்கள். பகலில் வாங்கிப் போட்டதை மூளை தூக்கத்தில்தான் பத்திரப்படுத்துகிறது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற அண்ணன் பகலில் தூங்கும்போது வீட்டில் சத்தம் போடாதீர்கள். அதேபோல பச்சைக் குழந்தை வைத்திருக்கிற தாய் ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள்! அவள் உப்புப் போட மறந்தால் ஏசாதீர்கள். குழந்தையை இரண்டு மணி நேரம் நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள்.

இரண்டாவது, ரத்தக் குறைவு. ரத்தம் கம்மியானால் அசதி வரும், எதிலும் மனசு நிற்காது. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டீ, காப்பியோடு சேர்க்க வேண்டாம். முருங்கைக் கீரை நம் கொல்லையிலேயே இருக்கிறது.

மூன்றாவது, குடி. அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அளவு மீறிக் குடித்த ராத்திரியில் நடந்தது காலையில் நினைவில்லை என்றால், அது உள்ளே பதியவே இல்லை. வருஷக்கணக்கில் குடித்து, சாப்பாடும் சரியில்லாமல் போனால், மூளையின் ஞாபக இடமே கெட்டுப் போகும். அதற்குப் பிறகு எந்த உபாயமும் பலிக்காது.

நான்காவது, மனசு. பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண் சதா அழுகிறாள், எதிலும் பிடிப்பில்லை, எல்லாம் மறக்கிறாள் என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்றோ காத்து சேட்டை என்றோ சொல்லாதீர்கள். அது வைத்தியம் உள்ள நோய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள். திடீரென்று மறதி அதிகமாகி, வழி தெரியாமல் போவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, பேச்சுக் குழறுவது இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

ஒரு தலை வேண்டாம், இரு தலை

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊர்க் குழந்தைக்கெல்லாம் ஊசி போட்டவள் நான். என் இரண்டாவது மகளுக்கு ஒன்பது மாதத்துத் தட்டம்மை ஊசி விட்டுப்போனது. நான், என் மாமியார் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். மாமியார், "அவதான் நர்சாச்சே" என்று நினைத்தார். என் வீட்டுக்காரர் நினைக்கவே இல்லை. "புள்ளைங்க விஷயமெல்லாம் அவ பாத்துக்குவா" என்று இருந்துவிட்டார். பதினோராம் மாதம் குழந்தைக்குத் தட்டம்மை வந்தது. சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். இன்றைக்கும் அந்த மூச்சுச் சத்தம் என் காதில் இருக்கிறது. பாருங்கள், மறக்க வேண்டியது மறக்கவில்லை. மறக்கக் கூடாதது மறந்துபோனது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஞாபகம் என்பது எவ்வளவு பெரிய கெட்டிக்காரிக்கும் தனியாகத் தூக்க முடியாத சுமை. நம் வீடுகளில் மாத்திரை, ஊசி, தேதி, மளிகை, பள்ளிக்கூடக் கட்டணம், மாமியார் மருந்து, எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றிவிடுகிறோம். அது எந்தத் தலை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று தவறினால் அவளையே திட்டுகிறோம். குழந்தை இருவருடையது. தேதி மட்டும் ஏன் ஒருத்தியுடையது?

இப்போது எங்கள் வீட்டில் காலண்டரில் வட்டம் போடுவது நான், மாதம் பிறந்ததும் அதைச் சத்தமாகப் படிப்பது அவர். அன்றிலிருந்து ஒரு தேதியும் தப்பவில்லை.

ஊசி எதாவது விட்டுப்போயிருந்தால், பயந்துகொண்டோ வெட்கப்பட்டோ வராமல் இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த புதன்கிழமையே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஏழு வார்த்தை

1. கவனம்: செய்யும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.
2. கொக்கி: நகராத வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ஷிப்ட் நேரத்தோடு வேண்டாம்.
3. கட்டு: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை.
4. இடைவெளி: இன்று, நாளை, மூன்றாம் நாள், எட்டாம் நாள் ஒருவரை ஒருவர் கேளுங்கள்.
5. வீடு: வாசலிலிருந்து கொல்லை வரை மனசால் நடந்து பாருங்கள்.
6. எழுத்து: காலண்டரில் வட்டம்.
7. துணை: இருவரும் சேர்ந்து நினைவில் வையுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் இருக்கிற காலண்டருக்கு முன்னால் இருவரும் சேர்ந்து நில்லுங்கள். அடுத்த ஊசித் தேதியை அண்ணன் சொல்லட்டும், அக்கா வட்டம் போடட்டும். அடுத்த கூட்டத்தில் நான் முதலில் கேட்கப் போவது அந்தத் தேதியைத்தான். அதுவும் அண்ணன்மார்களைத்தான் கேட்பேன்.

மறக்காம வாங்க.